பெயரில் மட்டுமே பன்றி

அசர் தொழுகை முடித்து நான் வீடு திரும்பியபோது, வாசற்படியிலேயே ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது. வாதி, என் தாயார். பிரதிவாதி, அப்போது பத்து வயதை எட்டியிருந்த என் மகள். வழக்குக்குரிய பொருளோ, காற்றுப் புகத் துளையிட்ட ஒரு செருப்புப் பெட்டிக்குள் அசையாமல் அமர்ந்திருந்தது.

"உன் மகள் எதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நீயே பார். பன்றியாம்! தொழுகிற வீட்டுக்குள் பன்றியாம்!" என்றார் என் தாயார்.

"பன்றி இல்லை தாதிமா, கினி பிக்" என்று கண் கலங்கினாள் மகள்.

"பிக் என்றால் என்ன?"

எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மூத்தவன் தன் ஆங்கிலப் புலமையைக் காட்ட அந்த நேரத்தைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும்? "பிக் என்றால் பன்றிதான் தாதிமா" என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

மகள் திருக்குர்ஆனை முதன்முறையாக ஓதி முடித்ததற்குத் தாம்பரத்தில் வசிக்கும் அவளுடைய மாமா வாங்கித் தந்த பரிசு அது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கும் அளவு. கறுப்பும் வெள்ளையும் பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த மயிர். ரோஜா இதழை மடித்து ஒட்டியது போன்ற காதுகள். நாவற்பழம் போன்ற கண்கள். வால் என்பது அறவே இல்லை. என்னைக் கண்டதும் அது மூலையில் இன்னும் ஒடுங்கிற்று. மதரஸாவில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுப்பவன், தன் வீட்டில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டிய நிலை!

பெயர் வந்த வழி

நான் கலைப் பட்டதாரி; விலங்கியல் என் பாடமன்று. ஆயினும் அன்றிரவு இஷாவுக்குப் பின் என் தாயாரின் அருகில் அமர்ந்து ஒரு கேள்வியைக் கேட்டேன். "முள்ளம்பன்றி பன்றியா அம்மா?"

"அது எப்படிப் பன்றியாகும்? அதற்கு முள் அல்லவா இருக்கிறது?"

"கடற்குதிரை குதிரையா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

தீர்ப்பு என்பது பொருளைச் சார்ந்ததேயன்றிப் பெயரைச் சார்ந்ததன்று என்பது மார்க்கச் சட்டம் கற்போர் நன்கறிந்த நெறி. இவ்வுயிரோ பெயரில் மட்டுமே பன்றி. ஆடு மாடுகளைப் போலப் பன்றி குளம்புடைய விலங்கு. இதற்குக் குளம்பு கிடையாது. முன்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்களும் பின்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களும் உண்டு. எலி, அணில் ஆகியவற்றைப் போல இது கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தது. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். நாம் முள்ளம்பன்றி என்று அழைக்கும் விலங்கும் இதே கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததே. அதுமட்டுமன்று, அவ்வினத்தின் உட்பிரிவிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன. ஆக, பன்றி என்ற பெயரைச் சுமக்கும் இரு கொறிவிலங்குகளில் ஒன்றை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டு, மற்றொன்றைக் கண்டு மட்டும் பதறுகிறோம்.

'கினி' என்பதும் பிழையே. ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டுக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் இதற்கு 'இந்தியப் பன்றி' என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. இதன் பூர்வீகத்தில் நம் இந்தியாவுக்கும் பங்கில்லை. ஜெர்மானியர் 'கடலின் சிறு பன்றி' என்ற பொருள்பட அழைக்கின்றனர். இதற்கு நீந்தி விளையாடும் பழக்கமும் இல்லை. உருண்டை உடலையும் கீச்சிடும் குரலையும் கண்டு ஐரோப்பியர் இட்ட பெயர், உலக மொழிகள் பலவற்றிலும் பரவிவிட்டது. அரபு மொழியிலும் 'கின்ஸீர் கீனியா' என்றே வழங்குகிறது. தமிழில் கினிப்பன்றி என்பதோடு, கினி எலி, சீமைப் பெருச்சாளி என்று எழுதுவோரும் உண்டு. இக்கட்டுரையில் கினி எலி என்றே குறிப்பிடுவோம்.

அனைத்தையும் கேட்ட என் தாயார் இறுதியில், "அப்படியானால் எலியா? எலியைப் பிடித்து வெளியே விடுவார்களா, வீட்டில் வைத்துச் சோறு போடுவார்களா?" என்றார். பன்றி என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்ற அப்பாவி, எலி என்ற குற்றச்சாட்டில் மீண்டும் சிக்கிற்று. ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டது. அதன் எச்சத்தை அசுத்தமாகவே கருதி, தொழும் அறைக்கு அப்பால், பின்கட்டுத் தாழ்வாரத்தில் கூண்டை வைக்க வேண்டும். கூண்டைச் சுத்தம் செய்தவர் கை கால்களைக் கழுவிய பின்னரே உள்ளே வர வேண்டும். மகள் அதற்கு 'சீனி' என்று பெயரிட்டாள்.

மலைநாட்டு அடுக்களையிலிருந்து

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரே கினி எலியின் தாயகம். இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் முதலிய நாடுகள் அடங்கிய அம்மலைப் பகுதியில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதனை வீட்டு விலங்காகப் பழக்கிவிட்டனர் என்பது தொல்லியலார் முடிவு. அங்கு இதனை இறைச்சிக்காகவே வளர்த்தனர், இன்றும் வளர்க்கின்றனர். குளிர் மிகுந்த அம்மலைக் குடிசைகளில், அடுப்பின் கதகதப்பில், சமையலறைத் தரையிலேயே இவை ஓடித் திரியும். அம்மக்கள் 'குய்' என்று இதன் குரலையே பெயராக வைத்து அழைத்தனர்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர் அம்மண்ணைக் கைப்பற்றிய பின், கப்பல்களில் இது ஐரோப்பா சென்றது. 1554ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் இதனைப் பற்றி எழுதியிருக்கிறார். செல்வர் வீடுகளில் செல்லப் பிராணியாயிற்று. இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்கிறது. நம் சென்னையிலும், பிராட்வே பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிவந்த பறவைச் சந்தையைப் பற்றி அறிந்தோர், முயல், புறா, காதல் பறவைகளுக்கு இடையே இதனையும் கண்டிருப்பர்.

ஒன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும். நாயும் பூனையும் வேட்டையாடி வாழ்ந்த இனங்கள். கினி எலியோ வேட்டையாடப்பட்ட இனம். பருந்து, நரி, பாம்பு என எத்திசையிலிருந்தும் ஆபத்து வரலாம் என்ற அச்சத்துடனேயே அதன் முன்னோர் வாழ்ந்தன. ஆகவே புதியவரைக் கண்டால் உறைந்து நிற்கும். அல்லது ஓடி ஒளியும். அதனை நாம் மந்தம் என்று எண்ணிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

என் பிழை

சீனியை விற்ற கடைக்காரர், எது போட்டாலும் தின்னும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாங்களும் அவ்வாறே போட்டோம். மிஞ்சிய சோறு, பிஸ்கட், எப்போதாவது ஒரு துண்டு கேரட், முயலுக்கென விற்கப்படும் தீவனம். குறையேதும் வைத்ததாக நாங்கள் எண்ணவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கூண்டின் முன்தான் அமர்வாள். அது மட்டும் மூலையைவிட்டு நகர்வதில்லை. "அதற்கு என்னைப் பிடிக்கவில்லையா அத்தா?" என்று கேட்பாள்.

இரண்டு மாதம் சென்றது. சீனியின் மயிர் பொலிவிழந்தது. பின்கால்களை இழுத்து நடந்தது. தொட்டால் வலியில் கீச்சிட்டது. பிறகு தும்மலும் சேர்ந்துகொண்டது. சளி பிடித்திருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். மகளின் தொண்டைப் புண்ணுக்காக மருத்துவர் முன்பு எழுதித் தந்த அமாக்ஸிசிலின் மருந்து குளிர்பெட்டியில் மிச்சமிருந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துதானே, இதற்கென்ன செய்துவிடப் போகிறது என்று சில சொட்டுகளைப் புகட்டினேன். மறுநாளும் புகட்டினேன். மூன்றாம் நாள் அதற்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஐந்தாம் நாள் பஜ்ருக்கு எழுந்து தாழ்வாரத்து விளக்கைப் போட்டபோது, சீனி ஒருக்களித்துக் கிடந்தது. உடல் குளிர்ந்துவிட்டிருந்தது.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பின்னர் நான் நடந்ததைக் கூறியபோது, அவர் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக இரண்டு உண்மைகளைச் சொன்னார். முதலாவது, சீனிக்கு வந்தது வெறும் சளியன்று. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குரிய அடையாளங்கள் அவை. பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. கினி எலியால் அது இயலாது. நாள்தோறும் உணவின் வழியாகவே பெற்றாக வேண்டும். முயல் தன் உடலிலேயே அதனை உண்டாக்கிக்கொள்வதால், முயல் தீவனத்தில் அச்சத்தைச் சேர்ப்பதில்லை. இரண்டாவது, பென்சிலின் வகை மருந்துகள் கினி எலியின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களை அழித்துவிடும். அதன் இடத்தில் தீய கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும். பென்சிலின் இவ்வுயிருக்குக் கொடியது என்பது 1943ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்களால் எழுதப்பட்டுவிட்டது. அறிய வேண்டியவன் நான் ஒருவன்தான் அறியாமலிருந்தேன்.

நாம் பட்ட கடன்

வைட்டமின் சி பற்றி மருத்துவர் சொன்ன செய்தி என்னை விடவில்லை. ஏனெனில் மனிதனும் அதே குறையுடையவன். நம் உடலும் இச்சத்தை உண்டாக்கிக்கொள்ளாது. முற்காலத்தில் நெடுங்கடல் சென்ற மாலுமிகள் பல்லாயிரவர் ஈறு வீங்கி, மூட்டு நொந்து மாண்டது இதனால்தான். 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர் கினி எலிகளுக்குத் தானியத்தை மட்டுமே உணவாகக் கொடுத்து வந்தபோது, அவற்றுக்கும் மாலுமிகளின் அதே நோய் வந்ததைக் கண்டனர். பசிய காய்களையும் பழங்களையும் கொடுத்தபோது அந்நோய் வரவில்லை. வைட்டமின் சியைக் கண்டறிவதற்கு அவ்வாய்வே வழி திறந்தது. சீனியின் தட்டில் நான் போட்ட சோறும் பிஸ்கட்டும், அந்த நார்வே ஆய்வுக்கூடத்தில் போடப்பட்ட தானியத்தைப் போன்றதே. அவர்கள் அறிவதற்காகச் செய்தார்கள்; நான் அறியாமல் செய்தேன்.

காசநோய் வரலாற்றிலும் இச்சிற்றுயிரின் பங்கு பெரிது. 1882இல் ராபர்ட் காஹ் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தபோது, அதனை மெய்ப்பிக்கப் பெரிதும் துணைநின்றவை கினி எலிகள். கோவளத்திலிருந்து நாம் தாம்பரம் செல்லும்போதெல்லாம் 'சானடோரியம்' என்ற பெயரைக் கேட்கிறோமே, அது 1928இல் டாக்டர் சவுரி முத்து என்பவர் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்நோய் நம் பகுதி மக்களை வாட்டிய காலம் அது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தோன்றியது; சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. அம்மையத்தின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளையும் பிரிட்டனின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளையும் கினி எலிகளிடம் செலுத்தி ஒப்பிட்டனர். தென்னிந்தியக் கிருமிகளுள் பல, கினி எலியிடம் வீரியம் குறைந்தவையாக இருந்தன என்ற வியப்பான முடிவு 1960இல் வெளிவந்தது. நம் பாட்டன்மார் இருமிய இருமலைக் கினி எலிகளும் சுமந்திருக்கின்றன. அந்தக் கடனை உணர்ந்த எவரும் அதனை இழிவாக எண்ணமாட்டார்.

மகள் கேட்ட கேள்வி

சீனியைக் கொல்லையில் முருங்கையடியில் புதைத்தோம். மகள் அழவில்லை. அன்று மாலை என்னிடம் வந்து, "அத்தா, அபூ உமைரின் குருவி எப்படிச் செத்தது?" என்று கேட்டாள்.

வாசகர்கள் அறிந்த நிகழ்ச்சிதான். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர். அச்சிறுவரிடம் ஒரு சிறு குருவி இருந்தது. அது இறந்துவிட்டது. துயரத்தோடிருந்த அச்சிறுவரிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கனிவோடு குருவியைப் பற்றி விசாரித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி இது. ஷாஃபிஈ மத்ஹபின் பண்டைய அறிஞரான இப்னுல் காஸ் என்பவர், சிறிய இந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே இயற்றினார். குழந்தை பறவையை வைத்து விளையாடலாம், அதனை வதைக்கலாகாது என்பதும் அறிஞர்கள் இச்செய்தியிலிருந்து பெற்ற சட்டங்களுள் ஒன்று. இதனை நான் மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்தி வந்தவன்.

"அது எப்படி இறந்தது என்று ஹதீஸில் சொல்லப்படவில்லையம்மா" என்றேன்.

"சீனி எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஆயுள் முடிந்துவிட்டது, அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது பொய்யுமன்று. ஆனால் முழு உண்மையுமன்று. மருத்துவர் சொன்ன இரண்டையும் அவளிடம் சொன்னேன். உணவில் தவறு செய்தோம். மருந்தில் நான் தவறு செய்தேன் என்றேன்.

சற்று நேரம் நின்றவள், "யாரிடமாவது கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாமே அத்தா?" என்றாள். அதன்பின் மூன்று நாட்கள் என்னுடன் அவள் அதிகம் பேசவில்லை. அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை. பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண்மணி வேதனைக்கு ஆளான செய்தியை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்பில்லாதவர்களுக்கான எச்சரிக்கை அது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அன்பிருந்தும் அறிய முயலாதவனும் அஞ்ச வேண்டிய செய்தி என்பது அன்றுதான் விளங்கிற்று. கூண்டில் அடைத்த உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு என்ன தேவை என்று கேட்டறிவதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே.

ஒன்றல்ல, இரண்டு

ஓராண்டுக்குப் பின் மகள் மீண்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் மறுக்கவே எண்ணியிருந்தேன். எதிர்பாராத இடத்திலிருந்து பரிந்துரை வந்தது.

"வாங்கிக் கொடு. ஆனால் ஒன்றாக வாங்காதே" என்றார் என் தாயார். "அந்தப் பிராணி தனியாக இருந்ததால்தான் அப்படி ஒடுங்கிக் கிடந்தது. உன் அத்தா மவுத்தான பிறகு நானும் அப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கெல்லாம் அது தெரியாது." சொல்லிவிட்டு தஸ்பீஹ் மணியைக் கையிலெடுத்துக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

அவர் அனுபவத்தால் சொன்னதை ஆய்வாளர்களும் சொல்கின்றனர். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்சர் என்பவரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகள் கினி எலிகளை ஆராய்ந்தனர். புதிய இடத்தில் தனியே விடப்பட்ட விலங்கின் உடலில் அச்சத்தின்போது சுரக்கும் நீர் மிகுகிறது. நெருங்கிய துணை உடனிருந்தால் அச்சுரப்பு வெகுவாகக் குறைகிறது என்று கண்டனர். சுவிட்சர்லாந்து நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல், கினி எலி போன்ற கூடி வாழும் பிராணிகளைத் தனியே வளர்ப்பதற்குச் சட்டமே தடை விதிக்கிறது. ஊர்வன, பறப்பன யாவற்றையும் திருமறை (6:38) சமுதாயங்கள் என்றே குறிப்பிடுகிறது. சமுதாயத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கூண்டில் வைத்துவிட்டு, அது ஏன் மகிழவில்லை என்று நாம் கேட்டோம்!

இம்முறை இரண்டு பெண் குட்டிகள் வந்தன. பிஸ்தா, பாதாம் என்று பெயர் பெற்றன.

குணமும் குரலும்

ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு உயிர்களுக்கு இத்தனை வேறுபாடா என்று வியந்தோம். பிஸ்தா துணிச்சல்காரி. மண்பானையிலிருந்து முதலில் வெளிவருவதும், தங்கையின் வாயிலிருக்கும் கீரையை மறுமுனையிலிருந்து இழுப்பதும் அவள்தான். பாதாம் எட்டிப் பார்த்து, காத்திருந்து, அனைத்தும் அமைதியென்று உறுதி செய்த பிறகே காலெடுத்து வைப்பாள். ஆனால் தென்னைமரத்தின் மேல் பருந்து வட்டமிட்டால் முதலில் உணர்ந்து உறைந்து நிற்பவள் பாதாம். அவள் நின்றால் பிஸ்தாவும் நிற்பாள். ஒருநாள் நகம் வெட்டுவதற்காகப் பாதாமைச் சிறிது நேரம் அறைக்குள் கொண்டு சென்றேன். துணிச்சல்காரி கூண்டின் கம்பியோரம் அமர்ந்து குரல் கொடுத்தவண்ணம் இருந்தாள். முன்னே போட்ட கொத்தமல்லியை அவள் தொடவில்லை.

அவற்றின் மொழி எங்களுக்கும் மெல்ல விளங்கலாயிற்று. 'வீக், வீக்' என்று உரத்து எழுப்பும் குரல், உணவு வருகிறது என்ற ஆவல். கழுத்தடியைத் தடவும்போது வரும் தாழ்ந்த முரலொலி, நிம்மதி. பற்களைக் கடகடவென அடித்துக்கொண்டால், கோபம், விலகிவிட வேண்டும். மகிழ்ச்சி மிகுந்தால் நின்ற இடத்திலிருந்தே துள்ளி, நடுவானில் உடலைத் திருப்பி விழும். சட்டியில் சோளம் பொரிவதைப் போலிருப்பதால் வளர்ப்போர் இதனைப் 'பாப்கார்ன்' என்றே அழைக்கின்றனர். சீனி ஒருநாளும் இவ்வாறு துள்ளியதில்லை. பாதாம் முதன்முறை துள்ளியபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவருமே சீனியைத்தான் நினைத்துக்கொண்டோம்.

பிரம்பு, அதட்டல், வற்புறுத்தல் எதுவும் இவற்றிடம் செல்லாது. ஓடி வந்து மடியில் ஏறும் பூனையைப் போன்றதன்று இவற்றின் தோழமை. நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில், குரலுயர்த்தாமல் அமர்ந்திருப்பவரிடம் மட்டுமே இவை நெருங்கும். அதனால்தானோ என்னவோ, துறுதுறுப்பான பிள்ளைகளும் இவற்றின் முன் அடங்குகின்றனர். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு கருதத்தக்கது. ஆட்டிசம் உடைய பிள்ளைகள், விளையாட்டுப் பொருட்களோடு இருக்கும்போது பேசுவதையும் சிரிப்பதையும்விட, வகுப்பறையில் கினி எலிகளோடு இருக்கும்போது அருகிலுள்ளவர்களிடம் அதிகமாகப் பேசினர், முகம் பார்த்தனர், சிரித்தனர் என்று அவ்வாய்வு கூறிற்று.

எங்கள் வீட்டில் அவை தேர்ந்தெடுத்த தோழி யாரென்று சொல்ல வேண்டுமா? பஜ்ரு தொழுதுவிட்டு என் தாயார் தாழ்வாரப் படியில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதுவார். பிறகு கொத்தமல்லியை ஆய்ந்து ஒவ்வொரு தண்டாக நீட்டுவார். நாளடைவில் அவர் செருப்போசை கேட்டாலே 'வீக், வீக்' என்ற வரவேற்பு எழத் தொடங்கிற்று. நகம் வெட்டும் பொறுப்பு என்னுடையது. எனவே என் காலடிக்கு இரண்டும் பானைக்குள் ஓடி ஒளியும். இன்றுவரை என் தாயார் அவற்றைப் பிஸ்தா என்றோ பாதாம் என்றோ அழைத்ததில்லை. கினி பிக் என்ற சொல்லை நாவில் எடுப்பதேயில்லை. "பிள்ளைகளுக்குத் தீனி வைத்தாயா?" என்றுதான் கேட்பார். பேரப்பிள்ளைகளைக் கேட்கிறாரோ என்று விருந்தினர் திகைப்பதுண்டு.

வளர்க்க விரும்புவோர்க்கு

எங்கள் பிழை பிறர்க்குப் பாடமாகட்டும் என்பதற்காகச் சில செய்திகளைக் கூறுகிறேன். புல்லே இதன் முதல் உணவு; அது எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். ஓயாமல் கடித்து மென்றால்தான் பற்கள் தேயும், குடல் இயங்கும். பூச்சிமருந்து படாத அருகம்புல்லை நன்கு கழுவிக் கொடுக்கலாம். வைக்கோல் படுக்கைக்கு உதவுமேயன்றி உணவுக்குப் போதாது. வைட்டமின் சி கிடைக்க, நாள்தோறும் குடைமிளகாய், கொத்தமல்லி, சிறு துண்டு கொய்யா ஆகியவற்றை மாற்றி மாற்றி அளிக்கலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட், பால், வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பசலை போன்ற கீரைகள் அடிக்கடி கொடுத்தால் சிறுநீரில் கல் தோன்றக்கூடும்.

கடலோர வெப்பம் இவற்றுக்குப் பகை. குளிர்ந்த மலைநாட்டு உயிர்கள் அல்லவா? 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமே உகந்தது. 30 பாகையை நெருங்கினாலே ஆபத்து தொடங்குகிறது. மே மாதத்தில் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில் நம் கோவளத்திலும் அனல் வீசும். அப்போது நாங்கள் கூண்டை வீட்டின் உட்பகுதிக்கு மாற்றி, மின்விசிறி போட்டு, மண்பானையைப் படுக்கவைத்து, உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கிறோம். சோர்ந்து, எச்சில் வழிய மூச்சிரைத்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டு விலங்குகளுக்கு ஏறத்தாழ 8 சதுர அடித் தரையாவது தேவை. கம்பித் தரை பாதங்களைப் புண்ணாக்கும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் குட்டிகள் பெருகும். சூல்காலம் 59 முதல் 72 நாட்கள். குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சூலுறக்கூடும். அன்றியும், ஏழெட்டு மாத வயதுக்குப் பின் முதன்முறையாகச் சூலுறும் பெண் விலங்குக்கு இடுப்பெலும்பு விரிந்து கொடுக்காமல் பிரசவத்தில் உயிராபத்து நேரலாம். எனவே வாங்கும்போதே மருத்துவரிடம் காட்டி, ஒரே பாலின் இரண்டைத் தேர்வது நலம். நோயென்றால் நம் வீட்டு மருந்தை எடுக்கவே வேண்டாம். 1903 முதல் இயங்கிவரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியை ஒட்டி மருத்துவமனை உள்ளது. அங்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் உணவெடுக்காவிட்டாலும் கினி எலிக்கு அது பெரும் நோயின் அடையாளம்.

இறுதியாக, இவற்றின் ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். விடுமுறைக்கு வாங்கிப் பள்ளி திறந்ததும் மறந்துவிடும் பொம்மையன்று. அத்தனை ஆண்டுகள் பேண இயலாதவர்கள் வாங்காமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

இப்போது பிஸ்தாவுக்கும் பாதாமுக்கும் நான்கு வயது. மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். மதரஸாவில் அபூ உமைரின் குருவியைப் பற்றிய பாடம் இவ்வாண்டும் வந்தது. முன்பெல்லாம் படிப்பினைகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவேன். இப்போது பாடம் முடிந்ததும், யார் வீட்டில் கோழி, புறா, பூனை, ஆடு இருக்கிறது என்று கேட்கிறேன். பாதிப் பிள்ளைகள் கையுயர்த்துகின்றனர். "அது என்ன தின்னும்? எதைத் தின்றால் சாகும்? அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்?" என்று அடுத்துக் கேட்கிறேன்.

கைகள் மெல்லக் கீழிறங்குகின்றன. அவர்களுக்கு வீட்டுப்பாடம் அதுதான். சென்று கேட்டுவர வேண்டும். நான் கேட்காமல் விட்டதை என் மாணவர்களாவது கேட்கட்டும்.